கையும் கைம்மாறும்: ‘சோற்றுக்கணக்கு’ சிறுகதையில் செய்ந்நன்றியறிதல்

முன்னுரை

‘நன்றி’ என்னும் சொல் இன்றைய வழக்கில் வாயால் சொல்லப்படும் உபசாரச் சொல்லாக நிற்கிறது. மேடையில் நன்றியுரை உண்டு. நூல்களின் முன்பக்கத்தில் நன்றியுரைப் பட்டியல் உண்டு. பெற்றோர், உற்றார், நண்பர், வாய்ப்பு நல்கியோர் என்னும் வரிசையும் ஏறத்தாழ மரபாகிவிட்டது. ஆயின் திருக்குறளின் வழக்கில் நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையையே குறிக்கிறது. அதற்கு உரியவன் ஆற்றவேண்டிய செயலை வள்ளுவர் ‘அறிதல்’ என்றே பெயரிடுகிறார். சொல்லுதல் வேறு, திருப்பித் தருதல் வேறு, அறிதல் வேறு. பெற்ற நன்மை இன்னது, அது யாரிடமிருந்து, எந்நிலையில் வந்தது என அறிவதே நன்றியின் முதற்செயல் என்பது அவ்வதிகாரத் தலைப்பிலேயே பொதிந்துள்ளது.

இவ்வறிதல் எளிதன்று. உதவி பெறுபவன் அதனைக் கடனாகக் கொள்ளுதல் இயல்பு. கடன் என்றால் கணக்கு உண்டு. கணக்கு தீர்ந்தால் உறவும் தீரும். கணக்குத் தீர்ந்த பின்னும் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே நன்றி என்று கொள்ளலாமா என்னும் வினாவை முன்வைத்து, ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ என்னும் சிறுகதையை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘உண்மை மனிதர்களின் கதைகள்’ என்னும் குறிப்புடன் 2011ஆம் ஆண்டு நூல்வடிவம் பெற்ற ‘அறம்’ தொகுதியில் இக்கதை இடம்பெற்றுள்ளது. இத்தொகுதி 2022இல் பிரியம்வதா ராம்குமாரின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் வெளிவந்தது. தொகுதியின் கதைகளுள் வாசகரால் மிகுதியும் பேசப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஈகையின் கதையாகவே இது பெரும்பாலும் வாசிக்கப்பட்டுள்ளது. ஈகை பெற்றவனின் கதையாக இதனை வாசிக்கும்போது வேறொரு பொருள் புலப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

எல்லைப்புறச் சாலை

கதையின் நிலப்பின்னணியை முதற்கண் அறிதல் வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பழைய சாலை மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை ஆகிய ஊர்களைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் தலைநகரை அடைகிறது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் அண்மையில் உள்ள காரோடு நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லைச் சிற்றூர்களுள் ஒன்று. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை முடியும் இடம் என்ற முறையில் அதன் பெயர் இன்று பலரும் அறிந்ததாகிவிட்டது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் காரோட்டுக்கும் இடையே விழுந்தது.

கோடு விழுந்ததே தவிர வாழ்க்கை உடனே பிரிந்துவிடவில்லை. தென்திருவிதாங்கூர்த் தமிழர்க்குப் பல தலைமுறைகளாகத் திருவனந்தபுரமே தலைநகர். மேற்படிப்பு, அரசுப்பணி, நீதிமன்றம், மருத்துவமனை, மொத்த வணிகம் ஆகிய அனைத்தும் அங்கேயே இருந்தன. 1866இல் தோன்றிய அங்குள்ள அரசுக் கல்லூரி பின்னாளில் பல்கலைக்கழகக் கல்லூரி எனப் பெயர்பெற்றது. ‘மனோன்மணீயம்’ இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை பேராசிரியராய் விளங்கியதும் இந்நகரிலேயே. 1979இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்படும் வரை இச்சாலையே ஒரே வழி. எல்லைக்கு அப்பால் மலையாளமும் இப்பால் தமிழும் என்று மாநிலங்கள் வகுத்துக்கொண்டபோதும், பாறசாலை வட்டாரப் பேச்சில் தமிழின் சாயலும் விளவங்கோட்டுப் பேச்சில் மலையாளத்தின் சாயலும் நீங்காமல் நின்றன.

‘சோற்றுக்கணக்கு’ கதைசொல்லி இச்சாலையில் பயணம் செய்த எண்ணற்ற ஏழை மாணவர்களுள் ஒருவன். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கல்வி வாய்ப்பைத் தேடித் திருவனந்தபுரம் செல்கிறான். உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பது அக்காலத்து ஏழைக் குடும்பங்கள் அறிந்திருந்த ஒரே விடுதி ஏற்பாடு. ஆகவே வாய்ப்பு என்பது இங்குக் கல்லூரியில் கிடைத்த இடம் மட்டுமன்று. யாருடைய வீட்டிலோ, யாருடைய கையாலோ கிடைக்கும் இரண்டு வேளைச் சோறும் அதனுள் அடங்கும். கல்வி வரலாறுகள் கல்லூரியைக் குறிப்பிடுகின்றன, சோற்றைக் குறிப்பிடுவதில்லை. அவ்விடைவெளியில் இக்கதை எழுதப்பட்டுள்ளது.

கணக்கு வைத்த கை

கதையில் சோறு இருவர் கையால் வருகிறது. முதலாவது மாமியின் கை. கதைசொல்லி தங்கியிருக்கும் உறவினர் வீட்டில் மாமி அவனுக்குச் சோறு இடுகிறாள். அச்சோற்றுக்கு அளவு உண்டு. அதற்குரிய கணக்கும் உண்டு. உண்பவனின் பசி வளர்கிறது. இடுபவளின் முகமும் சொல்லும் அவனைக் கூச வைக்கின்றன. கொடுக்கப்பட்டது சோறு என்றாலும் உட்கொள்ளப்படுவது அவமதிப்பே என்னும் உணர்வைக் கதை மிகைச்சொல் இன்றி உருவாக்குகிறது. பின்னர் அவ்வீட்டை விட்டு நீங்கி, சாலைக் கடைத்தெருவின் அரிசி மண்டியொன்றில் மூட்டைக்கணக்கு எழுதி வாழும் நிலை அவனுக்கு வாய்க்கிறது. அரிசிக்குக் கணக்கு எழுதுபவனுக்கு அரிசிச்சோறு போதிய அளவு கிடைக்கவில்லை என்பது கதை தானாகச் சுட்டாமல் விட்ட முரண்.

மாமியைக் கொடுமைக்காரியாக மட்டும் படைத்திருந்தால் கதை எளிய எதிர்நிலைக்குள் சுருங்கியிருக்கும். கதையின் போக்கில் அக்கணக்கு வறுமையின் கணக்கு என்பது புலப்படுகிறது. குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துபவள் உலைக்கு அரிசியை எண்ணித்தான் இடவேண்டும். இரக்கம் என்பதும் ஓரளவு வசதியை வேண்டுவது என்னும் கசப்பான உண்மை இங்கே உள்ளுறையாக நிற்கிறது. வறுமை நெருக்கும்போது உறவின் கை கணக்கிடத் தொடங்குகிறது; அக்கணக்கில் உறவு தேய்கிறது. குடும்பத்திற்கு நன்றி பாராட்டுதல் என்னும் மரபான அறிவுரையில் இந்நெருக்கடிக்கு இடம் இருப்பதில்லை. குடும்பம் தந்ததும் குடும்பம் காயப்படுத்தியதும் ஒரே இலையில் பரிமாறப்பட்டவை என்பதால், அதற்கு நன்றி அறிதலே பிற அனைத்தினும் கடினமானது.

கணக்கற்ற கை

இரண்டாவது கை கெத்தேல் சாகிப்பின் கை. சாலைக் கடைத்தெருவில் அவர் நடத்தும் சோற்றுக்கடையில் விலை கேட்கும் வழக்கம் இல்லை. உண்டவர் தம்மால் இயன்றதை அங்குள்ள பெட்டியில் இடலாம், இடாமலும் போகலாம். இட்டவர் யார், இடாதவர் யார் என அவர் பார்ப்பதில்லை. கையில் காசில்லாத கதைசொல்லி கூச்சத்துடன் அங்கே அமர்கிறான். அவன் போதும் என்ற பின்னும் சாகிப் விடுவதில்லை. அதட்டி அதட்டி இலையில் இடுகிறார். வாழ்வில் முதன்முறையாகத் தன் பசியின் அளவுக்கு உண்ணும் அவனுக்கு அக்கனத்த முரட்டுக் கை தாயின் கையாகத் தோன்றுகிறது.

சாலைத் தெரு தமிழ்ப் புனைகதைக்குப் புதிய களமன்று. அத்தெருவிலேயே வணிகம் செய்து வாழ்ந்த ஆ. மாதவன் (1934–2021) தம் கதைகளால் அதனைத் தமிழிலக்கிய நிலப்படத்தில் நிலைபெறச் செய்தவர். திவான் ராஜா கேசவதாசின் காலத்தில் உருவான அக்கடைத்தெருவின் சுமைதூக்குவோர், சிறுவணிகர், உதிரி மனிதர் ஆகியோர் அவர் கதைகளில் உலவுகின்றனர். எல்லாவற்றுக்கும் விலை உள்ள இடம் அது. அவ்வாறு விலையே மொழியாக உள்ள ஒரு தெருவின் நடுவில் விலை கேட்காத ஒரு கடையை வைத்துக் காட்டுவதே ஜெயமோகன் கதையின் அடிப்படை உத்தி எனலாம்.

இதற்கு வரலாற்றுப் பின்புலமும் ஒன்றுண்டு. விலையின்றி உணவளித்தல் திருவிதாங்கூர் அறியாததன்று. அரசு நடத்திய ஊட்டுப்புரைகள் பல ஊர்களில் இருந்தன. அவற்றில் உணவு பெற்றோர் பிராமணர். அவ்வுணவு பிறப்பினால் வந்த உரிமை. உண்போர் பசித்தவரா என்பது அங்கு வினாவன்று. சாகிப்பின் கடையிலோ பசி ஒன்றே தகுதி. ஊட்டுப்புரைகளின் நாட்டில், அந்நகரின் கடைத்தெருவில், ஓர் இசுலாமியர் சாதி சமயம் வினவாமல் சோறிடுகிறார் என்பதைக் கதை விளக்கிப் பேசுவதில்லை. எனினும் தென்திருவிதாங்கூரின் வரலாறு அறிந்த வாசகர்க்கு அவ்வேறுபாடு புலப்படாமல் போகாது. பிறப்புரிமையாகப் பெற்றதற்கு நன்றி தோன்றுவதில்லை. உரிமை ஏதுமின்றிப் பெற்றதற்கே நன்றி தோன்றுகிறது.

குறளின் இரு முனைகள்

செய்ந்நன்றியறிதல் அதிகாரம் இல்லறவியலில் விருந்தோம்பல், இனியவை கூறல் ஆகிய இரண்டையும் அடுத்தும், நடுவுநிலைமைக்கு முன்பும் வைக்கப்பட்டுள்ளது. இவ்வைப்புமுறை கருதத்தக்கது. விருந்து இடுதல், இன்சொல் கூறுதல், பெற்றதை அறிதல், பின்னர்த் துலாக்கோல் போல் சமன் செய்தல் என ஒரு வரிசை இங்கே அமைகிறது. கெத்தேல் சாகிப் இவ்வரிசையில் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார். அவர் சோறிடுகிறார், இன்சொல் கூறுவதில்லை. அவரது வாய் கடுமையானது, கையே இனியது. இன்முகமும் இன்சொல்லும் கூடிய ஈகையைப் போற்றும் மரபில், முகமும் சொல்லும் இல்லாத ஈகை ஒன்றைக் கதை படைத்துள்ளது. பெறுபவனின் தன்மானத்தைக் காப்பதில் இக்கடுமைக்கும் பங்குண்டு. கனிந்த முகத்தோடு தரப்படும் சோற்றுக்குப் பெறுபவன் கனிந்த முகத்தையேனும் திருப்பித் தரவேண்டும். அதட்டித் தரப்படும் சோற்றில் அக்கடமைகூட இல்லை.

வரும் பயனைத் தூக்கிப் பாராமல் செய்த உதவி கடலினும் பெரிது என்பது 103ஆம் குறளின் கருத்து. சாகிப்பின் கை அக்குறளுக்கு இலக்கியமாக நிற்கிறது. உதவியின் அளவு கொடுத்த பொருளில் இல்லை, அதனைப் பெற்றவரின் பண்பைப் பொறுத்தது என்னும் 105ஆம் குறளின் கருத்தோ கதைசொல்லியின் மீது பொறுப்பை ஏற்றுகிறது. சாகிப்பின் கடையில் ஆயிரக்கணக்கானோர் உண்டனர். அச்சோறு அனைவர்க்கும் ஒரே அளவினதன்று. பெற்றவன் என்னவாக ஆகிறான் என்பதே அதன் அளவு.

இதே அதிகாரத்தின் மறுமுனையில் 109ஆம் குறள் உள்ளது. ஒருவர் கொல்வது போன்ற துன்பத்தைச் செய்தாலும், அவர் முன்பு செய்த நன்மை ஒன்றை நினைத்த அளவில் அத்துன்பம் மறைந்துவிடும் என்பது அதன் கருத்து. நன்றியறிதலைப் பேசும் அதிகாரத்தில் துன்பம் செய்தவரைப் பற்றிய குறள் ஏன் இடம்பெற வேண்டும் என்னும் வினா இயல்பாக எழும். நல்லவரிடம் நன்றி கொள்ளுதல் எளிது. அங்கே நன்றி சோதிக்கப்படுவதில்லை. நன்மையும் துன்பமும் ஒருவரிடமிருந்தே வரும்போதுதான் எதனை நினைவில் நிறுத்துவது என்னும் தெரிவு எழுகிறது. அத்தகைய இடம் பெரும்பாலும் குடும்பமே. இவ்வதிகாரம் இல்லறவியலில் அமைந்திருப்பதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

103ஆம் குறளின் கையும் 109ஆம் குறளின் கையும் இக்கதையில் சந்திக்கின்றன. கதையின் ஆழம் அச்சந்திப்பில் உள்ளது.

பெட்டி நிறைந்த பின்

கல்வி முடிந்து கல்லூரி ஆசிரியப் பணி பெற்ற கதைசொல்லி தான் உண்ட சோற்றுக்கு ஈடு செய்ய முற்படுகிறான். சீட்டுக் கட்டிப் பணம் சேர்க்கிறான். சேர்ந்த தொகையை அப்பெட்டியில் இடுகிறான். பெட்டியே நிறைகிறது. அவன் உள்ளத்தில் பெரும் எதிர்பார்ப்பு உண்டு. சாகிப் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். ஒரு சொல் சொல்லலாம். முகத்தில் ஒரு மாற்றம் தோன்றலாம். எதுவும் நிகழ்வதில்லை. காசின்றி வந்தவனுக்கு இட்ட அதே கை, பெட்டியை நிறைத்தவனுக்கும் அதே முறையில் சோறிடுகிறது.

தமிழில் ‘கைம்மாறு’ என்னும் சொல் கை, மாறு என்னும் இரண்டின் சேர்க்கை. ஒரு கை தந்ததற்கு மாறாக மற்றொரு கை தருவது என்னும் காட்சி அச்சொல்லில் உறைந்துள்ளது. ஒப்புரவறிதல் அதிகாரத்தின் தொடக்கத்தில் கைம்மாறு கருதாத கடமைக்கு மழையை வள்ளுவர் எடுத்துக்காட்டுகிறார். மழைக்கு உலகம் என்ன திருப்பித் தரமுடியும் என்பதே அங்குள்ள வினா. கதைசொல்லி செய்ய முயன்றது கைம்மாறு. அவன் எதிர்கொண்டது மழை. பெட்டிக்குள் விழுந்த பணம் அவனுடைய கணக்கைத் தீர்த்ததா என்பதைச் சொல்வதற்குக்கூட அங்கே ஆள் இல்லை. கணக்கு வைத்தவர் இருந்தால் அல்லவா கணக்குத் தீரும்?

இவ்விடத்தில் கதை திரும்புகிறது. நிலைகுலைந்த மாமியின் குடும்பமும் அவள் மகள் ராமலட்சுமியும் கதைசொல்லியின் முன் நிற்கின்றனர். மாமியிடம் பட்டது கடனே என்றால் அதற்குரிய பணத்தை விட்டெறிந்து தீர்த்துவிடலாம் என்பது உலகியல் வழக்கு. கணக்குப் பார்த்தவளிடம் கணக்குப் பார்ப்பதில் நீதிப் பிழையும் இல்லை. ஆயினும் கதைசொல்லி ராமலட்சுமியை மணக்க முடிவு செய்கிறான். சாகிப்பின் இலை முன் அமர்ந்து உண்டவனுக்கு அம்முடிவு எவ்வாறு வந்தது என்பதைக் கதை தருக்கமாக விளக்குவதில்லை. காரணத்தொடர் அறுந்து நிற்கும் அவ்விடைவெளியே கதையின் வலிமை. வாசகரே அதனை நிரப்பவேண்டும்.

அதனை இவ்வாறு நிரப்பலாம். சாகிப்பிடம் கணக்குத் தீர்க்க முடியாது எனக் கண்டவன் கணக்கு என்னும் அளவையையே இழக்கிறான். அளவை இழந்தவனால் மாமியிடமும் அதனைப் பயன்படுத்த முடியாது. எண்ணி இட்ட சோறும் சோறே. அன்று அதுவும் இல்லாதிருந்தால் அவன் அந்நகரில் நின்றிருக்க முடியாது என்னும் அறிதல் அப்போதுதான் அவனுக்குக் கூடுகிறது. ஆகவே சாகிப்பிடம் பெற்றதற்கான நன்றி சாகிப்புக்குத் திரும்பிச் செல்லவில்லை. மாமியிடம் சென்று சேர்கிறது. கணக்கற்ற கையிலிருந்து பெற்றதைக் கணக்கு வைத்த கைக்குத் தருவதே இக்கதை காட்டும் செய்ந்நன்றியறிதல்.

ஒப்புநோக்கு: புறநானூறும் ‘என் சரித்திரமும்’

சோற்றையும் நன்றியையும் இணைத்துக் காண்பது தமிழ்மரபில் தொன்மையானது. உணவளித்தவர் உயிரளித்தவர் என்னும் கருத்து புறநானூற்றிலும் மணிமேகலையிலும் காணப்படுகிறது. ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று 34ஆம் பாடல், கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்த நன்மையைச் சிதைத்தார்க்கு மட்டும் உய்வில்லை என அறநூல் கூறுவதாகச் சொல்கிறது. குறளின் 110ஆம் பாடலோடு இது ஒப்புநோக்கப்படுவது வழக்கம். அச்சங்கப்பாடலில் சோறு விரிவாகவே பேசப்படுகிறது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பால்கலந்த வரகுச்சோறும் தேனும் முயல்கறியும் சுற்றத்தோடு உண்ணப்படுகின்றன. அங்கே பெற்றவன் புலவன், தந்தவன் மன்னன், வாழ்த்தே கைம்மாறு. சாகிப் வாழ்த்தையும் ஏற்பதில்லை. சங்கப்புலவனுக்கு இருந்த எளிய வழி கதைசொல்லிக்கு அடைக்கப்பட்டுவிட்டது.

தன்வரலாற்று இலக்கியத்தில் நன்றியறிதலுக்குச் சிறந்த சான்று உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலான இப்பனுவலில் குடும்பம், நட்பு, வாய்ப்பு ஆகிய மூன்றும் பெயர்பெயராக நினைவுகூரப்படுகின்றன. மகனின் தமிழ்க்கல்விக்காக ஊர்ஊராகக் குடிபெயர்ந்த தந்தை வேங்கடசுப்பையர், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஆதரித்த திருவாவடுதுறை சுப்பிரமணிய தேசிகர் ஆகியோர் அதன் பக்கங்களை நிறைக்கின்றனர். 1880இல் தாம் ஓய்வு பெறும்போது கும்பகோணம் கல்லூரிப் பணியை இவருக்குக் கிடைக்கச் செய்தவர் தியாகராச செட்டியார். அந்நன்றியைச் சாமிநாதையர் மறவாமல், பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்டார். ஆசிரியருக்கு 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வாழ்க்கை வரலாறு எழுதினார். பெயரிடுதலும் எழுதுதலும் அவர் அறிந்த நன்றி வழிகள்.

அதே 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நிகழ்ச்சி வேறு வகையினது. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொன்ன இளம் ஆசிரியரை முதலியார் பாராட்டவில்லை. அவற்றால் என்ன பயன் என்னும் பொருள்பட வினவினார். பழைய நூல்களைக் கற்றதுண்டா எனக் கேட்டார். தன்மானத்தைத் தைத்த அவ்வினாவே சீவக சிந்தாமணிக்கு வழிகாட்டியது. 1887இல் அந்நூல் பதிப்பாகி வெளிவந்தது. வாய்ப்பு எப்போதும் இன்சொல்லுடன் வருவதில்லை. முதலியாரின் வறண்ட கேள்வியும் சாகிப்பின் அதட்டலும் ஒரே இனத்தவை. அவற்றை வாய்ப்பு என அறிந்துகொண்டமையே இருவரிடமும் காணப்படும் நன்றியறிதல். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்ததன் வாயிலாகச் சாமிநாதையரின் கைம்மாறும் தந்தவரைக் கடந்து, அவர் அறியாத பல தலைமுறை வாசகரிடம் சென்று சேர்ந்தது.

கதையின் எல்லை

இக்கதையின் மீது இருவகை மறுப்புகள் எழ இடமுண்டு. கெத்தேல் சாகிப் குறையேதும் அற்ற இலட்சிய மாந்தராகப் படைக்கப்பட்டுள்ளார் என்பது முதலாவது. அவர் அகத்துள் கதை நுழைவதே இல்லை. அரிசியும் இறைச்சியும் வாங்கப் பணம் எவ்வாறு வந்தது, இழப்பு நேர்ந்த நாளில் அவர் என்ன எண்ணினார் என்பவற்றுக்குக் கதையில் அழுத்தம் இல்லை. எனினும் இது பெற்றவனின் பார்வையில் சொல்லப்படும் கதை. பெறுபவனுக்குத் தருபவரின் அகம் தெரிவதில்லை. கை மட்டுமே தெரிகிறது. ஆகவே இக்குறை எடுத்துரைப்பு முறையோடு இயைந்ததே எனக் கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. நன்றியின் பொருட்டு மணக்கப்படும் ராமலட்சுமியின் விருப்பம் கதையில் கேட்கப்படவில்லை. சாகிப்பிடமிருந்து கதைசொல்லிக்கும், கதைசொல்லியிடமிருந்து மாமிக்கும் நன்றி கைமாறுகிறது. அக்கைமாற்றத்தில் ஒரு பெண் கொடுக்கப்படும் பொருளாக நின்றுவிடுகிறாள். ஒருவன் இரக்கத்தால் தன்னை மணந்தான் என்பதை அறிந்து வாழ்நாள் முழுதும் அவனுக்கு நன்றியுடையவளாக இருக்கவேண்டிய சுமை அவள்மீது ஏறுமாயின், கணக்கு மீண்டும் அவ்வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்றே பொருள். மாமி சோற்றுக்கு வைத்த கணக்கை மருமகன் வாழ்க்கைக்கு வைக்கமாட்டான் என்பதற்குக் கதையில் ஒரே உறுதி, அவன் சாகிப்பின் கையைக் கண்டவன் என்பதே. அவ்வுறுதி போதுமா என்னும் வினாவுக்குக் கதை விடை தருவதில்லை. திருமணத்திற்குப் பிந்தைய வாழ்க்கையை ராமலட்சுமியின் பார்வையில் எழுதினால் மட்டுமே அதற்கு விடை கிடைக்கும். நன்றியறிதலைப் பேசும் ஆண்மையக் கதைகள் பலவற்றிலும் காணப்படும் இவ்விடைவெளியைப் பெண்ணிய நோக்கில் தனியே ஆராய இடமுள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ‘சோற்றுக்கணக்கு’ ஈகையின் பெருமையைக் கூறுவதோடு நிற்காமல், ஈகை பெற்றவன் அதனை எவ்வாறு அறிந்துகொள்கிறான் என்பதை மையமாகக் கொண்டுள்ளது. கணக்கற்ற ஈகைக்குக் கைம்மாறு செய்ய முடியாது என்னும் அறிவு, கணக்கு வைத்தவர்பால் கொண்ட கசப்பைக் கரைக்கிறது. 103ஆம் குறளின் பொருளை வாழ்ந்து அறிந்தவனுக்கே 109ஆம் குறள் கைகூடுகிறது என்பதைக் கதை நிகழ்த்திக் காட்டுகிறது. உற்றாரின் குறைகளோடு சேர்த்தே அவர்தம் நன்மையை அறிவதும், கடுஞ்சொல்லில் மறைந்து வந்த வாய்ப்பை வாய்ப்பாக அறிவதும், பெற்றதைப் பெற்ற இடத்துக்கே திருப்பாமல் தேவையுள்ள இடத்துக்குச் செலுத்துவதும் நன்றியறிதலின் கூறுகளாகின்றன. அதே வேளையில் அந்நன்றி யாருடைய வாழ்வின் வழியாகச் செலுத்தப்படுகிறது என்னும் வினாவையும் கதை, தான் கருதாமலேயே, விட்டுச்செல்கிறது.

களியக்காவிளைக்கும் காரோட்டுக்கும் இடையே 1956இல் விழுந்த கோட்டைக் கடந்து படிக்கவும் பிழைக்கவும் சென்றோரின் தொகை பெரிது. அவர்களுள் பலர் தம் வாழ்வின் முதல் நிறைவான உணவை வேற்று மொழி பேசும் ஒருவர் கையால் பெற்றவராக இருக்கக்கூடும். மாநில வரலாறுகளில் அச்சோற்றுக்கு இடமில்லை. அதனை அறிந்து எழுதியதன் மூலம் இக்கதை தன் கதைசொல்லியின் நன்றியோடு ஒரு வட்டாரத்தின் நன்றியையும் தமிழிலக்கியத்தில் பதிவு செய்துள்ளது எனலாம்.